யாரைக் கேட்பான்?

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வாக்குத்தான். ஆனால் அதைச் சொன்னவர்கள் ஊரோடு இருந்தவர்கள். ஒரு செய்தியை விசாரிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் திண்ணையை விட்டு இறங்கினால் போதும். எதிர்வீட்டில் ஒருவர், கீழத்தெருவில் ஒருவர், கோயில் வாசலில் நாலு பேர் என்று ஆட்கள் கிடைத்தார்கள். தீர விசாரிப்பதற்கு முதலில் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வாக்கு இதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டது. பிழைப்புக்காக ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவனுக்கு, பாஷை தெரியாத ஊரில் கூலிக்கு நிற்பவனுக்கு, அந்த ஆள் யார்? அவன் யாரைக் கேட்பான்?

வெறும் தர்க்கத்துக்காக இந்தக் கேள்வியை எழுப்பவில்லை. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பீகாரிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்களைத் தமிழர்கள் தேடித் தேடி அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள் என்று ஒரு செய்தி செல்போனுக்குச் செல்போன் பரவியது. கூடவே படங்களும் வந்தன. ஓடும் படங்கள், ரத்தம் தெரியும் படங்கள். அவை எங்கே எடுக்கப்பட்டவை என்பது சில நாட்களில் தெரிந்துவிட்டது. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கம் சொன்னார். ஒன்று திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. வேறு மாநிலங்களில் நடந்த கொலைக் காட்சிகளும் இவற்றோடு சேர்ந்து ஊர் சுற்றின. தமிழனும் இல்லாத, பீகாரியும் இல்லாத படத்தைப் பார்த்து ஒரு தாய் பாட்னாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாரடித்துக்கொண்டாள்.

பீகார் சட்டசபையில் அமளி நடந்தது. ஒரு கட்சிக்கு இன்னொரு கட்சியின் மேல் எறியக் கிடைத்த கல்லாகிப் போயிற்று இந்தச் செய்தி. முதலமைச்சர் ஸ்டாலின் பீகார் முதலமைச்சர் நிதீஷ் குமாருடன் பேசினார். அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று புறப்பட்டு வந்தது. அதற்குத் தலைமை தாங்கி வந்தவர் பாலமுருகன் என்று நல்ல தமிழ்ப்பெயர் கொண்ட ஓர் அதிகாரி! பீகார் அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர். தமிழ்நாட்டைப் பற்றிய பயத்தைத் தீர்க்கப் பீகாரிலிருந்து ஒரு பாலமுருகன் வருகிறார் என்றால், இந்த நாட்டில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கோடு போடுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஹோலிப் பண்டிகை மார்ச் 8-ம் தேதி. ஹோலிக்கு ஊருக்குப் போவது அவர்களுடைய வழக்கம், நாம் பொங்கலுக்குப் போவது போல. திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு கூட்டம் நின்றது. பண்டிகைக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். பயந்து போகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் படம் எடுக்கப்பட்டதும் எல்லோரும் பயந்து ஓடுகிறவர்களாகிவிட்டார்கள். பொய்க்குச் சாட்சியாக மெய்யான ஒரு காட்சி வந்து நின்றது. இதைப் பார்த்து மேலும் சிலர் மூட்டை கட்டினார்கள். வதந்தி தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்வதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

தென்காசி, திருப்பூரைப் போன்ற ஆலை நகரமல்ல. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் அறை பெருக்குகிறவர்களில் அவர்கள் உண்டு. பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர்களிலும், கட்டிட வேலையில் செங்கல் சுமக்கிறவர்களிலும் உண்டு. அந்த மார்ச் மாதம் எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கையாளாக இருந்த பீகார்ப் பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. ஒருநாள் முற்பகலில் அவன் கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். போனில் அவன் தாயார் முகம். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

சாரத்தின் மேலிருந்த கொத்தனார் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்காரர், சுள்ளென்று பேசுகிற மனுஷன். "ஏல, என்னல இப்படி அழுத? ஊர்ல யாருக்கும் எதுவும் ஆயிட்டா?" என்று கேட்டார். பையன், "அண்ணா, அண்ணா" என்றானே தவிர அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. வந்த படத்தைக் காட்டினான். கொத்தனார் அதை இரண்டு தடவை பார்த்தார். "இது எந்த ஊருல? நம்ம பக்கத்து ஊரு மாதிரியே இல்லியே" என்றார். பிறகு போனை வாங்கித் தம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அம்மா, புள்ள இங்கனதான் இருக்கான். நா இருக்கேம்லா. ஒண்ணும் பயப்படாதீய" என்றார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு இந்தி தெரியாது. ஆனாலும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்துக் கை குவித்தாள்.

அந்தப் பையன் ஊருக்குப் போகவில்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த இன்னும் இரண்டு பேர் அன்று மாலையே பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வேலை செய்த இடத்தில் சனிக்கிழமை தோறும் ஓர் ஆள் வந்து கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். அதற்கு மேல் அவர்களை யாருக்கும் தெரியாது. போன இருவரில் ஒருவன் சித்திரையில் திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை.

மூவருக்கும் வந்தது ஒரே படம். மூவருடைய படிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியிருக்க ஒருவன் தங்கினான், இருவர் போனார்கள். ஆகவே, வதந்தியை நம்புகிறவன் அறிவு குறைந்தவன் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம்பாமல் தங்கினவனுக்கு அறிவு கூடுதலாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. அவனுக்கு ஒரு கொத்தனார் இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அந்த இருவருடைய நிலையில் நம்மை நிறுத்திப் பார்ப்போம். செய்தி பொய்யாக இருந்து, அதை நம்பி ஊருக்குப் போனால் என்ன நஷ்டம்? ஒரு மாதக் கூலி, ரயில் சார்ஜு, கொஞ்சம் அலைச்சல். செய்தி மெய்யாக இருந்து, அதை நம்பாமல் தங்கினால்? உயிர் போய்விடும். இப்படி ஒரு தராசு கையில் இருக்கும்போது எந்தத் தட்டு தாழும்? ஓடிப் போனவன் கணக்குத் தெரியாதவனல்ல. அவன் போட்ட கணக்கு சரி. அவன் கையில் கொடுக்கப்பட்ட எண்கள்தாம் தப்பு.

ஆனால் இதைக் கணக்கு என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் மனித மனத்தைத் தெரிந்துகொண்டவர்களாக மாட்டோம். துரோணாசாரியார் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வில்வித்தையில் மூவுலகும் அறிந்தவர். வாழ்நாளெல்லாம் போர் என்ன, சூழ்ச்சி என்ன என்று பார்த்தவர். அசுவத்தாமன் இறந்தான் என்று ஒரு குரல் கேட்டதும் அவர் ஆடிப்போகிறார். உடனே நம்பிவிடவும் இல்லை. தீர விசாரிக்கத்தான் செய்கிறார். பொய் சொல்லாதவன் என்று பேர் வாங்கிய தருமபுத்திரனிடமே கேட்கிறார். அந்த ஒரு வாயும் அன்று வழுக்கிவிட்டது. ஆசாரியர் வில்லைக் கீழே வைத்தார். பிள்ளை என்று வந்துவிட்டால் ஆசாரியருக்கே இந்தக் கதி. பிள்ளையை அயலூருக்கு அனுப்பிவிட்டு அவன் அனுப்பும் பணத்தையும் அவன் முகத்தையும் ஒரு சிறிய கண்ணாடிச் சில்லில் பார்த்துக்கொண்டிருக்கும் பீகார்த் தாய் எம்மாத்திரம்?

வெளியூரில் இருப்பவனுடைய மனம் இரட்டை மனம். உடம்பு ஓரிடத்திலும் உயிர் ஓரிடத்திலுமாக அவன் வாழ்கிறான். உடம்பு இருக்கிற இடத்தைப் பற்றி அவனுக்குத் தெரிவது கொஞ்சம். உயிர் இருக்கிற இடத்திலிருந்து வருகிற குரலோ அவனுக்கு வேதவாக்கு. தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைக்கூட அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் தன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான். தென்காசியில் நடப்பதைத் தென்காசியில் நிற்பவனுக்குப் பாட்னாக்காரன் சொல்கிறான். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் பேச்சு புரியாதபோது தூரத்தில் இருப்பவன் பேச்சுத்தான் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பீகாருக்கு மட்டும் வந்த வியாதியா இது? 2012 ஆகஸ்டில் பெங்களூரில் இதே கதை நடந்தது. அஸ்ஸாமில் கோக்ரஜார் பக்கம் அந்த வருஷம் ஜூலையில் பெரிய கலவரம். அதற்குப் பழிவாங்க, பெங்களூரில் இருக்கும் வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பறந்தன. சுதந்திர தினத்தன்று தொடங்கிச் சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கௌஹாத்தி வண்டியைப் பிடிக்க ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டியிருந்தது. சென்னையையும் அந்தப் பயம் தொட்டுவிட்டுத்தான் போயிற்று. நிலநடுக்கத்திலும் புயலிலும் இறந்தவர்களின் படங்களைக் கலவரப் படங்கள் என்று திரித்துப் பரப்பினார்கள் என்றும், அவற்றில் பெரும்பகுதி பாகிஸ்தானிலிருந்து ஏற்றப்பட்டவை என்றும் மத்திய உள்துறைச் செயலாளர் அப்போது சொன்னார். பாகிஸ்தான் அதை மறுத்தது. ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அரசாங்கம் சில நாட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அயல்நாட்டில் இருந்து யாரோ விட்ட அம்பாகவே இருக்கட்டும். அது தைத்த இடம் எது? அந்தப் பிள்ளைகளின் முகஜாடையைப் பார்த்து "நீ எந்த நாடு?" என்று அந்த நகரம் தினமும் கேட்டு ஏற்படுத்தி வைத்திருந்த பழைய புண்ணில்தான் அது தைத்தது.

நம்மவர்களும் அயலூரில் இருந்து தவித்தவர்கள்தாம். இந்தத் தென்காசிச் சீமையிலிருந்து, முக்கியமாகக் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும், முஸ்லிம் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூருக்குப் போய்க் குடியேறின. 1941-ல் அவர்கள் அங்கே சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். போருக்குப் பின் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. தபால் நின்றது, பணம் வருவது நின்றது. மூன்றரை வருஷம் அக்கரையில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று இக்கரைக்குத் தெரியாது. இக்கரையில் என்ன நடக்கிறது என்று அக்கரைக்கும் தெரியாது. டில்லி வானொலி ஒன்று சொல்லும். சிங்கப்பூரிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி வேறொன்று சொல்லும். நடுவில் கடல். அந்த நாட்களில் கப்பலைப் பற்றியும் குண்டைப் பற்றியும் யார் என்ன சொன்னாலும் வாசலுக்கு ஓடி வந்து கேட்டிருப்பாள் கடையநல்லூர்ப் பெண். அவளை அறிவில்லாதவள் என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா?

பயம் மட்டுமல்ல, நம்பிக்கையும் இப்படித்தான் வேலை செய்கிறது. 1942 மார்ச் மாதக் கடைசியில் சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு செய்தி உலகமெல்லாம் பரவியது. காந்தியடிகள் போஸின் தாயாருக்கு அனுதாபத் தந்தி அனுப்பினார். சில தினங்களில் போஸே வானொலியில் பேசினார், செய்தி பொய்யாயிற்று. மூன்று வருஷம் கழித்து, 1945 ஆகஸ்ட் 18-ம் தேதி தைப்பேயில் விமான விபத்தில் அவர் இறந்ததாக மறுபடியும் செய்தி வந்தது. இந்தத் தடவை ஜனங்கள் நம்பவில்லை. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர்த் தோட்டத்தை விட்டு அவருடைய படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். கழுத்திலிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் எப்படி நம்புவார்கள்? காந்தியடிகளே சில மாதங்கள் வரை அவர் உயிரோடிருப்பதாக எண்ணினார். முத்துராமலிங்கத் தேவர் பல வருஷங்கள் மேடையேறி அவர் உயிரோடிருக்கிறார் என்றே சொன்னார். 1956-ல் ஷா நவாஸ் குழு, பின்னால் கோஸ்லா, அதற்கும் பின்னால் முகர்ஜி என்று விசாரணைக்கு மேல் விசாரணை நடந்தது.

இதில் எனக்குப் படுகிற பாடம் ஒன்று உண்டு. பொய்ச் செய்தியின் பெரிய தீமை, ஜனங்கள் அதை நம்பிவிடுகிறார்கள் என்பது மாத்திரமல்ல. பின்னால் மெய்ச் செய்தி வரும்போது அதை நம்பும் சக்தியையும் அது கொண்டுபோய்விடுகிறது. ஒருமுறை ஏமாந்த வீடு மறுமுறை இழவுச் செய்தியைக்கூட ஏற்றுக்கொள்ளாமல் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. துக்கப்படுவதற்குரிய உரிமையைக்கூடப் பொய் பறித்துவிடுகிறது. தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் இது அதிகமாக நேருகிறது. ஏனென்றால் அவர்கள் உடலைப் பார்த்ததில்லை, சாம்பலைக் கரைத்ததில்லை. செய்தியை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "நம்பினவனை எல்லாம் இப்படி மன்னித்துக்கொண்டே போனால், வதந்தியை நம்பிக் கொலை செய்தவனையும் மன்னித்துவிடுவீர்களா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2018 மே மாதம் 9-ம் தேதி திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே நடந்ததை யார் மறக்க முடியும்? குழந்தை கடத்துகிறவர்கள் வடக்கேயிருந்து வந்திருக்கிறார்கள் என்று அந்த மாதம் வாட்ஸ்அப்பில் வதந்தி. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு காரில் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அவரை அடித்தே கொன்றுவிட்டது. கூட இருந்தவர்களில் மலேசியாவிலிருந்து ஊர் பார்க்க வந்தவர்களும் உண்டு. குலதெய்வத்தைத் தேடி வந்தவர்கள் அந்நியர்களாகிப் போனார்கள்.

1983 ஜூலை 29-ம் தேதி வெள்ளிக்கிழமை கொழும்பில் புலிகள் நுழைந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. முதலில் சிங்களவர்கள் பயந்து ஓடினார்கள். ஓடிய பயம் திரும்பி நின்றபோது கொலையாயிற்று. சில நாட்களாக எரிந்து சற்றே அடங்கியிருந்த நகரத்தில் தமிழர்கள் மறுபடியும் வேட்டையாடப்பட்டார்கள். புலி வந்தது என்பது பொய். செத்தவர்கள் செத்தது மெய்.

ஆகவே எல்லா நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. என் மனத்துக்குத் தோன்றுகிற அளவுகோல் இதுதான்: ஒரு செய்தியை நம்பி ஒருவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்க வேண்டும். ஓடப் போகிறவன் தீர விசாரிக்காவிட்டால் அவனுக்குத்தான் நஷ்டம். கையை ஓங்கப் போகிறவன் தீர விசாரிக்காவிட்டால் பிறன் உயிருக்கு நஷ்டம். எவனுக்குப் பிறரைத் துன்புறுத்தும் சக்தி அதிகமோ அவனுக்கு விசாரிக்கும் கடமையும் அதிகம். போளூர்ப் பக்கத்துக் கூட்டத்துக்குப் பாஷை தெரியும், ஊர் தெரியும், போலீஸ் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்த மூதாட்டி பேசியதும் அவர்களுடைய தமிழ்தான். "நீங்கள் யார் தாயே?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்க ஆள் இருந்தும் கேட்காதவர்கள் அவர்கள். பீகார்ப் பையனோ கேட்க ஆள் இல்லாமல் தவித்தவன். இரண்டையும் வதந்தி என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவது நியாயமாகாது.

இடையில் நிற்கிற மூன்றாவது மனிதனையும் விட்டுவிட முடியாது. பொய்யைப் புனைந்தவன் இருக்கிறான். அவன் அயோக்கியன், சட்டம் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும். நம்பினவன் இருக்கிறான், அவனைப் பற்றிச் சொன்னேன். நடுவில், பாசத்தினாலே அதை அனுப்பி வைக்கிற அண்ணனும் மாமனும் இருக்கிறார்கள். "எதற்கும் ஜாக்கிரதையாக இரு" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறார்கள். அவர்கள் நோக்கத்தில் குற்றம் இல்லை. திருவள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் சொல்ல வரும்போது, நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. யாருக்கும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்றும் சொல்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு, "நல்லதுக்குத்தானே அனுப்பினேன்" என்று அந்த அண்ணன் வாதாடலாம். ஆனால் வள்ளுவர் கேட்பது நல்ல எண்ணத்தை அல்ல, நன்மையை. அதுவும் குற்றம் நீங்கிய நன்மையை. தம்பியின் ஒரு மாதக் கூலி போயிற்று. தாயின் தூக்கம் போயிற்று. இரண்டு மாநிலத்து ஜனங்களுக்கு நடுவே ஒரு கசப்பு விழுந்தது. பாசம் பொய்யைச் சுமந்து வந்தால், பொய்க்குப் பாசத்தின் முகம் கிடைக்கிறதே ஒழிய, பாசத்தால் பொய் புனிதமாவதில்லை. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. ஐந்து என்று இயந்திரம் எண்ணலாம். அனுப்பலாமா கூடாதா என்பதை மனிதன்தான் எண்ண வேண்டும்.

இனி நம்மைப் பற்றி. நம்மை என்றால், வந்தவர்களுக்கு இடம் கொடுத்திருக்கும் ஊர்க்காரர்களைப் பற்றி. 2023-ல் அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்தது. இந்தி பேசும் அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். உதவிக்கு அழைக்கத் தொலைபேசி எண்கள் கொடுத்தார்கள். முதலமைச்சர் மார்ச் 7-ம் தேதி நம் நெல்லை மாவட்டத்துக் காவல்கிணற்றில் கையுறை செய்யும் ஆலை ஒன்றுக்குப் போய் வடநாட்டுத் தொழிலாளர்களோடு பேசினார். பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குகள் போடப்பட்டன. இவையெல்லாம் நல்லதே. பயம் வடிந்ததற்கு இவையும் காரணம். ஆனால் ஒன்று கவனித்தேன். மறுப்பும் அதே செல்போன் வழியாகத்தான் வருகிறது. பொய் சொன்ன படமும் கையளவு, மெய் சொன்ன படமும் கையளவு. இரண்டில் எதை நம்புவது என்று தீர்மானிக்க, அந்தச் செல்போனுக்கு வெளியே ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது.

பொய்க்கும் விதைநெல் வேண்டும். தமிழர்கள் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்பது பொய், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொய் அவ்வளவு சீக்கிரம் முளைத்ததே, அந்த மண்ணில் என்ன ஈரம் இருந்தது? "வடக்கன்" என்று நம்மில் பலர் சொல்லும் தொனியை அந்தப் பையன்கள் தினமும் கேட்கிறார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் தொனி யாருக்கும் புரியும். நம் வீட்டுக்குத் தளம் போட்டவன் பீகாரா, ஒடிசாவா, வங்காளமா என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவன் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? நம்மிடத்தில் கொலை இல்லை. ஆனால் அலட்சியம் உண்டு. நாள்தோறும் அலட்சியத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் ஒருநாள் வந்து "இவர்கள் உன்னைக் கொல்லப் போகிறார்கள்" என்று ஒருவன் சொன்னால், "இருக்காது, எனக்கு இவர்களைத் தெரியும்" என்று அவன் எதைக் கொண்டு சொல்வான்?

சிலப்பதிகாரத்தில் கோவலன் புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்தவன். பாஷை வேறல்ல, நாடுதான் வேறு. அவன்மேல் பொற்கொல்லன் ஒரு பொய் சொன்னான். பாண்டியன் விசாரிக்காமல் நம்பினான். பொற்கொல்லனையும் பாண்டியனையும் நாம் ஆயிரத்தைந்நூறு வருஷமாகக் குற்றம் சொல்லி வருகிறோம். அதுவும் சரிதான். ஆனால் அவ்வளவு பெரிய மதுரையில், "இவன் திருடமாட்டான், எனக்குத் தெரியும்" என்று குறுக்கே வந்து நிற்க அன்று கடைவீதியில் ஒருவரும் இல்லை. அவனை அறிந்த மாதரி ஊருக்குப் புறத்தே ஆயர் சேரியில் இருந்தாள். வெளியூர்க்காரனைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யும் வெளியூர்க்காரனிடம் சொல்லப்படும் பொய்யும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. அவனை அறிந்தவர் ஊரில் யாரும் இல்லை என்பதுதான் அந்த வாசல்.

தென்காசி என்ற பெயரே வடக்கேயிருந்து வந்து குடியேறிய பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். காசிக்குப் போக முடியாதவர்களுக்குக் காசியையே இங்கே கொண்டுவந்துவிட்டான் என்பார்கள் ஊரார். கங்கைக் கரைத் தெய்வத்துக்குச் சிற்றாற்றங்கரையில் இடம் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்ட ஊர் இது. கங்கைக் கரையிலிருந்து வரும் மனிதனைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய காரியம் உடனே நடக்காது. அவன் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். டீ குடிக்கும்போது அவனுக்கும் ஒன்று சொல்லலாம். அவன் ஊரில் என்ன பயிர் விளைகிறது, தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று அரைகுறை இந்தியிலோ கைஜாடையிலோ விசாரிக்கலாம். தர்ம காரியம் என்று பெயர் சூட்டத் தேவையில்லாத சின்னக் காரியங்கள் இவை.

பொய்யை ஒழித்துவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. குதிரைமேல் தூது போன காலத்திலும் பொய் போயிற்று; கம்பியில்லாத் தந்தி வந்தபோது அதிலும் ஏறிக்கொண்டது; இன்று உள்ளங்கையில் இருக்கிறது. இனி, இல்லாத மனிதன் பேசாத பேச்சைப் பேசுகிற மாதிரி படம் செய்யவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கண்ணால் கண்டதும் பொய் என்பது நம் காலத்தில்தான் அட்சரம் தவறாமல் பலித்திருக்கிறது. மிஞ்சியிருப்பது விசாரிப்பது ஒன்றுதான். அடுத்த வதந்தி எந்தத் தேர்தலுக்கு முன்னால், எந்த ஊரிலிருந்து, யாரைப் பற்றி வரும் என்று தெரியாது. அது வருவதற்கு முன்பே, சாந்துச் சட்டி சுமக்கும் அந்தப் பையனுக்கு இந்த ஊரில் தெரிந்தவர் என்று ஒருவராவது இருக்க வேண்டும். வந்த பிறகு தேடினால் நேரம் இராது.